ஒட்டகம் நின்ற கட்டம்

சர்வேயரம்மாவின் முன்னறையில் எப்போதும் லேசாகக் கரிவாடை அடிக்கும். தீ விபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் எரிந்துபோன கடைகளுக்குள் நுழைந்து, நெருப்பு தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வதுதான் அவர் தொழில். வேலையை விட்ட பிறகும் ஊர் அவரை விடவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கூடவே அவருடைய கொழுந்தனும் கிளம்பிவிடுவார். கீழ்த்தளத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அவருக்குத் தெருவில் ஃப்ளாஷ் என்று பெயர். போட்டோ எடுப்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல. யோசிப்பதற்கு முன்னாலேயே பதிலைச் சொல்லிவிடுகிற மனிதர். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களை "அஞ்சே நிமிஷம்" என்று ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அண்ணியோடு போய், மாலையில் திரும்பிய நாட்களும் உண்டு.

அன்று காலை வந்த பெண், மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா மாடிப்படியில விழுந்து ஆஸ்பத்திரியில இருக்காருங்க. கண்ணைத் தொறக்குறாரு, பேச்சு இன்னும் வரல. போலீஸ் தவறி விழுந்துட்டாருன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆனா அப்ப கூட ஒருத்தர் இருந்திருக்காரு."

"எதை வச்சு சொல்றீங்க?" என்றார் சர்வேயரம்மா.

"நான்தானே முதல்ல போய்ப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டு நேரமாச்சு, ஆளைக் காணோமேன்னு போனா, பட்டறையோட தெருக்கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. தொறக்குறேன், படிக்குக் கீழ அப்பா கெடக்குறாரு. உள்ள ஆள் இருக்கும்போது வெளியில யாருங்க தாழ் போடுவாங்க?"

"யாரா இருக்கும்னு நெனக்கிறீங்க?"

அவள் கோட்டின் பொத்தானைத் திருகினாள். பிறகு, "என் வீட்டுக்காரர்" என்றாள்.

ஃப்ளாஷ் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் சொன்னது இதுதான். அவளுடைய அப்பா பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அவர் தன் பட்டறையில் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, பல்லும் ஈறுமாகச் செய்து கொடுப்பார். மிஞ்சிய பொருளில் அவர் தனக்கென்று ஒரு செஸ் செட்டும் வார்த்திருந்தார். ஒரு பக்கத்துக் காய்கள் பல் நிறம், மறு பக்கம் ஈறு நிறம்.

"ஆனா அது ஊர்ல இருக்கிற செஸ் இல்லைங்க. ராஜா, ராணி, சிப்பாய் மட்டும் அதேதான். குதிரை நிக்குற எடத்துல ஒட்டகம். யானை எடத்துல தத்துக்கிளி. மந்திரி எடத்துல ராக்குதிரைன்னு ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசாப் போகும். எனக்கு ஒண்ணும் புரியாது, கேட்டுக்கவும் இல்ல. அப்பாவும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் அதை ஆடுவாங்க. எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, அப்பாவோட தம்பி, பசங்களுக்கு செஸ் சொல்லிக் கொடுக்குறாரு. கோச்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. கப்பெல்லாம் வாங்கினவரு. அவருக்கு அந்த மிருகங்களைக் கண்டாலே ஆகாது. அப்பாவோட அவரு ஆடுறது சாதாரண செஸ்தான்."

"அன்னைக்குப் பலகையில எது இருந்துச்சு?"

"மிருகங்கதான். பாதி ஆட்டத்துல அப்படியே நிக்குது. சித்தப்பாதான் ஆஸ்பத்திரியில கேட்டாரு, 'மேல பலகையில எந்தக் காயி இருக்குன்னு பார்த்தியாம்மா'ன்னு. நான் திரும்பப் போய்ப் பார்த்துட்டு ரூமைப் பூட்டிட்டு வந்தேன். சாவி என்கிட்டதான் இருக்கு. வேற யாரையும் உள்ள விடல."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அவரு அன்னைக்கு மேல போகவே இல்லையாம். தெருவுல சும்மா நடந்துக்கிட்டு இருந்தாராம். ஏன் போகலன்னா, ஒரு வாரமா அப்பா மேல கோவமாம். எதுக்குக் கோவம்னா, தத்துக்கிளியாம்! ஏதோ சட்டத்துல தகராறாம். நாப்பது வயசு ஆளுங்க, லிஃப்ட் மெக்கானிக்கு. பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்ல பொய்யாச் சொல்லக் கூடாதா?"

"அப்பாவும் உங்க கூடத்தானே இருக்காரு? ரெண்டு பேரும் பேசாம இருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேருமே வாயைத் தொறக்காத ஜென்மங்க. சும்மா இருக்காங்களா, கோவமா இருக்காங்களான்னு யாருக்குத் தெரியும்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டை விட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். வேலை பார்க்குற கட்டடத்துல, லிஃப்ட் மிஷின் ரூம்ல படுத்துக்கிறாரு. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க. அந்த மனுஷனோட நான் இனிமே ஒரே வீட்டுல இருக்கலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க."

பட்டறை, மரம் இழைப்பவர்களும் மோட்டார் சுற்றுபவர்களும் நிறைந்த ஒரு சந்தில் இருந்தது. கீழே பிளாஸ்டர் மூட்டைகள். சுவரை ஒட்டிக் குறுகலான படி. மேலே ஒரே அறை. மகள் பூட்டைத் திறந்ததும் முதலில் உள்ளே தலையை நீட்டிய ஃப்ளாஷ் ஓர் அடி பின்வாங்கினார். அலமாரித் தட்டுகள் நெடுக வரிசை வரிசையாகப் பல்செட்டுகள், எல்லாம் அவரைப் பார்த்தே இளித்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, இத்தனை பேரு சாட்சிக்கு இருக்காங்க. ஒருத்தராவது வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"தொறந்துதானே இருக்கு. நீங்க படத்தை எடுங்க தம்பி" என்றார் சர்வேயரம்மா.

பல்லை அராவும் மோட்டாரிலிருந்து பறக்கும் பொடி அறை முழுக்கப் படிந்திருந்தது. அலமாரி, ரேடியோ, நாற்காலியின் கைப்பிடி என்று எல்லாவற்றின் மீதும் சலித்த மாவு போல மெல்லிய வெள்ளை. மேல் தட்டில் கடையில் வாங்கிய சாதாரண செஸ் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மூடி மட்டும் பளிச்சென்று இருந்தது. சர்வேயரம்மா அதைச் சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். அதையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

பிறகு பலகையின் முன்னால் வந்து நின்றவர், வெகு நேரம் அசையவில்லை.

அப்படி ஒரு பொருளை அவர் பார்த்ததில்லை. மேசையிலேயே பதித்த பலகை. கறுப்புக் கட்டங்கள் கருமரம், வெள்ளைக் கட்டங்கள் பிளாஸ்டரில் வார்த்துத் தேய்த்தவை. அதன் மேல் அந்த மிருகங்கள். ஒட்டகம் முகவாயைத் தூக்கிக்கொண்டு எங்கோ தூரத்தைப் பார்த்தது. தத்துக்கிளியின் முழங்கால் அடுத்த நொடி தெறித்துவிடும் போல மடங்கியிருந்தது. ராக்குதிரைக்குக் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் மொழுமொழுவென்று இருந்தது, ஆனாலும் அதற்குப் போகும் வழி தெரியும் என்று பார்த்தாலே தெரிந்தது. வாய்க்குள் ஒளிந்துகொள்கிற பற்களைச் செய்து வயிறு வளர்த்த ஒரு மனிதர், யாரும் பார்க்காத நேரத்தில் இப்படி ஒரு படையை உண்டாக்கி வைத்திருக்கிறார். சர்வேயரம்மாவுக்கு மயிர் கூச்செறிந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன மனுஷன் தம்பி இவரு!" என்றார்.

"ஆட்டம் பாதியில நிக்குது. அதை ஆடத் தெரிஞ்சவரு ஒரே ஒருத்தரு. விஷயம் முடிஞ்சு போச்சு அண்ணி" என்றார் ஃப்ளாஷ் மெதுவாக, மகளுக்குக் கேட்காதபடி.

சர்வேயரம்மா ஒவ்வொரு காயாகத் தூக்கி அடியைப் பார்த்தார். அடியில் பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தது. பிளாஸ்டர் கட்டங்களில் நின்று நின்று எல்லா வெல்வெட்டும் வெளுத்துப் போயிருந்தது. நடுப்பலகையில், ஒரு வெள்ளைக் கட்டத்தில் கம்பீரமாக நின்ற ஈறு நிற ஒட்டகத்தைத் தூக்கியபோது அவர் கை நின்றது. அதன் வெல்வெட் இன்றைக்கு ஒட்டியது போலப் பச்சைப் பசேலென்று இருந்தது. விளிம்பில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு.

வெட்டுப்பட்ட காய்கள் மேசையோரமிருந்த வேறொரு பெட்டியில், ஒவ்வொன்றும் அதனதன் குழியில் கிடந்தன. மற்ற மூன்று ஒட்டகங்களும் அங்கே இருந்தன. அவற்றில் இரண்டின் அடி வெளுத்திருந்தது. ஒன்று, பலகையில் நின்றதைப் போலவே சுத்தப் பச்சை.

"ஏதாவது ஒட்டகத்துக்கு வெல்வெட்டு புதுசா மாத்தினாரா உங்கப்பா?"

"இல்லைங்க. என் கல்யாணத்துக்குத் தச்ச ஜாக்கெட்டுத் துணி அது. அதுல மிச்சம் கிடையாது. அன்னையில இருந்து அதேதான்."

"அவ்வளவு வருஷமா ஆடுறாங்க. இதுல ரெண்டு மட்டும் வெளுக்கல" என்றார் சர்வேயரம்மா. "சரி, உங்க வீட்டுக்காரரைப் பார்க்கணும். நீங்க வர வேணாம்."

அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டை இழுக்கும் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயும் போர்வையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. லிஃப்ட் மெக்கானிக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி எழுந்தார். சவரம் செய்து பல நாள் ஆன முகம்.

"நான் மேல போகல. போயிருந்தா மாமா விழுந்திருக்க மாட்டாரு. இதை எத்தனை பேருக்குச் சொல்றது?"

"நான் அதைக் கேக்க வரல. அந்தக் காயெல்லாம் எப்படிப் போகும்னு எனக்குக் கத்துக் கொடுங்க" என்றார் சர்வேயரம்மா.

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு ஒரு சாக்கட்டியை எடுத்துத் தரையில் மண்டியிட்டுக் கட்டம் போட ஆரம்பித்தார். ஒன்றுவிட்டு ஒன்றைக் கிரீஸ் துணியால் கறுப்பாக்கினார். டப்பாவிலிருந்து நட்டுகளையும் போல்ட்டுகளையும் கொட்டினார். ஒரு போல்ட்டை நிறுத்தினார்.

"இது தத்துக்கிளி. ராணி போற எல்லாப் பக்கமும் போகும். ஆனா சும்மா போகாது. வழியில யாராவது ஒருத்தர் நிக்கணும். அவரைத் தாண்டி, அவருக்கு அடுத்த கட்டத்துல இறங்கும். எதிரியா இருந்தாலும் சரி, நம்ம ஆளா இருந்தாலும் சரி. யாருமே இல்லைன்னா?" அவர் போல்ட்டைச் சுற்றி இருந்த நட்டுகளை எல்லாம் கையால் தள்ளினார். "செத்த பொணம். நகரவே முடியாது. கூட்டத்துலதான் அதுக்கு உசுரு."

ஃப்ளாஷ் தானும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது ராக்குதிரை. சாதாரணக் குதிரை ஒரு தாவு தாவிட்டு நின்னுடும் இல்லையா? இது நிக்காது. அதே தாவலை அதே திசையில இன்னொண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு, இறங்குற கட்டம் காலியா இருக்கிற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்." மூலையில் இருந்த நட்டு டக், டக், டக்கென்று தாவிப் பலகையின் மறுகரையை நெருங்கிவிட்டது. "ஒரே ஆட்டத்துல! மாமா முதல் தடவை இதை எனக்குக் காட்டினப்ப நான் அன்னைக்கு ராத்திரி தூங்கலைங்க. இத்தனை வருஷமா பார்த்த அதே பலகை. கட்டம் ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. அதுக்குள்ள இப்படி ஒரு ரோடு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியல."

அவர் முகம் மலர்ந்திருந்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் என்று அந்த நேரத்தில் யாரும் சொல்ல முடியாது. சர்வேயரம்மாவும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தார். எரிந்த பொருளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிற இந்தக் காட்சி புதிது.

"ஒட்டகம்?"

"குதிரை ரெண்டு கட்டம் நேரா, ஒண்ணு பக்கவாட்டுல. ஒட்டகத்துக்குக் காலு நீளம் இல்லையா? மூணு நேரா, ஒண்ணு பக்கவாட்டுல. நடுவுல யாரு நின்னாலும் தாண்டிடும்."

அவர் கறுப்புக் கட்டத்திலிருந்து ஒரு நட்டைத் தாண்டவைத்தார். பிறகு இன்னொரு பக்கம். பிறகு பின்னால். சர்வேயரம்மா அந்த நட்டு இறங்கும் இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படித் தாண்டினாலும் கறுப்புலயே இறங்குதே!"

"ஆமா. குதிரை ஒவ்வொரு தாவலுக்கும் நிறம் மாத்தும். ஒட்டகம் மாத்தவே மாத்தாது. ஆளுக்கு ரெண்டு ஒட்டகம். ஒண்ணு கறுப்புல பொறந்து கறுப்புலயே சாகும், இன்னொண்ணு வெள்ளையிலயே. பக்கத்துப் பக்கத்துல நின்னாலும் ஒண்ணோட உலகத்தை இன்னொண்ணு மிதிக்கவே முடியாது."

"மேல ரூம்ல பலகை இப்ப எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கேங்க! சாவி கேட்டேன், அவ தரல."

எழுந்திருக்கும்போது ஃப்ளாஷ் கேட்டார், "அந்தத் தகராறு என்னதான் சார்?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "தத்துக்கிளி சொந்த ராஜாவைத் தாண்டிப் போகலாமான்னு. ராஜாங்க, ஒரு மரியாதை வேணாமான்னேன் நான். தத்துக்கிளிக்கு ஏதுடா மரியாதைன்னாரு மாமா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு."

மறுநாள் மாலை பட்டறை அறையில் எல்லாரும் கூடினார்கள். கோச் முதலில் வந்தார். தேய்த்த சட்டை, நிமிர்ந்த முதுகு. அண்ணன் மகளின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, பலகைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்தார்.

"உங்களுக்கு இந்த ஆட்டத்தைப் பார்த்தா என்ன தோணுது சார்?" என்று கேட்டார் சர்வேயரம்மா. "யாரு கை ஓங்கியிருக்கு?"

கோச் லேசாகச் சிரித்தார். "எனக்கு இந்த மிருகக்காட்சிசாலை தெரியாதும்மா. எது எப்படிப் போகும்னு நான் கேட்டதே இல்ல. அண்ணன் எத்தனையோ தடவை சொல்ல வந்தாரு, வேணாம்னுட்டேன். இதை ஆடத் தெரிஞ்சவரு மாப்பிள்ளை ஒருத்தர்தான்."

"ரொம்ப சரி" என்றார் சர்வேயரம்மா. வெளியே காத்திருந்தவரை அழைத்துவரச் சொன்னார்.

மெக்கானிக் உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கண் தானாகப் பலகைக்குப் போயிற்று. அவ்வளவுதான், மற்றதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. கடகடவென்று மேசைக்கு வந்தார்.

"யாரு இதை இங்க வச்சது?"

அவர் நடுவிலிருந்த ஒட்டகத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். "இது கறுப்புக் கட்டத்து ஒட்டகம். வெள்ளையில நிக்குது! ஆயிரம் வருஷம் ஆடினாலும் இது இங்க வந்து சேர முடியாது. எவனோ கையால வச்சிருக்கான்!"

"உட்காருங்க" என்றார் சர்வேயரம்மா. "நான் பேசணும்னு நெனச்சதுல பாதியை நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் அந்த ஒட்டகத்தை வாங்கி மகளின் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் வார்த்தையை நம்ப வேணாம்மா. இந்தத் துணியை நம்புங்க. உங்க கல்யாணத்துல இருந்து ஆடியிருக்காங்க. மத்த காயெல்லாம் பிளாஸ்டர் பட்டு வெளுத்துப் போச்சு. இது மட்டும் பச்சையா இருக்கு. ஏன்னா இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இது வெள்ளைக் கட்டத்தை மிதிக்கல. மிதிக்க முடியாது, அப்படித்தான் உங்கப்பா இதைப் படைச்சிருக்காரு. முதல் தடவையா வெள்ளையில நின்னது அன்னைக்குத்தான். விளிம்புல இருக்கிற இந்தக் கோடு அதோட அடையாளம்."

மகள் அந்தப் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் வீட்டில் காதில் விழுந்த விளையாட்டுப் பேச்சுக்குப் பின்னால் இப்படி ஓர் ஒழுங்கு இருந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"அப்ப யாரோ வெளியாளு வந்து அடுக்கி வச்சிருக்கான்" என்றார் கோச்.

"வெளியாளுன்னா இஷ்டத்துக்கு இறைச்சு வச்சிருப்பான் சார். இந்தப் பலகையைப் பாருங்க. சிப்பாயெல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு காவலா நிக்குது. ராஜா மூலையில பத்திரமா இருக்காரு. ஒட்டகத்தை எங்க வச்சிருக்கு? நடுப்பலகையில, எதிராளியோட சிப்பாய் எதுவும் வெரட்ட முடியாத எடத்துல. நேத்து நான் செஸ் ஆடுற நாலு பேரைக் கேட்டேன். குதிரைக்கு இதைவிட நல்ல எடம் உலகத்துலயே இல்லைன்னு சொன்னாங்க. தத்துக்கிளி எங்க நிக்குது? முன்னால ஒரு உயிர் இல்லாத திறந்த வரிசையில. யானைக்கு அது ராஜபாட்டை. தத்துக்கிளிக்கு அது சவக்குழி. அந்தக் காய் எடத்துல யானையையும் குதிரையையும் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு, அருமையா அடுக்கியிருக்காரு ஒருத்தர். செஸ் தெரியாதவனால இது முடியாது. இந்த ஆட்டம் தெரிஞ்சவரு இதைச் செய்ய மாட்டாரு. செஸ்ஸு நல்லாத் தெரிஞ்சு, இதை மட்டும் தெரிஞ்சுக்க மாட்டேன்னு இருந்தவரு ஒருத்தர்தான் இதை வச்சிருக்க முடியும்."

ஃப்ளாஷ் கேமராவைக் கீழே இறக்கினார். அவர் பார்வை கோச்சின் மேல் நின்றது.

"இன்னும் ரெண்டு விஷயம்" என்றார் சர்வேயரம்மா. "இந்த ரூம்ல எல்லாத்து மேலயும் பல்லுப் பொடி படிஞ்சிருக்கு, சாதாரண செஸ் பெட்டியைத் தவிர. அன்னைக்குச் சாயங்காலம் அதை யாரோ எடுத்து ஆடிட்டு, தொடைச்சு வச்சிருக்காங்க. உங்கண்ணனோட அந்த செஸ் ஆடுறது நீங்க மட்டும்தான். அப்புறம், அண்ணன் உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கும்போது, பலகையில எந்தக் காயி இருக்குன்னு கேட்டதும் நீங்க மட்டும்தான்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயரம்மா கையமர்த்தினார்.

கோச் நிமிர்ந்த முதுகோடுதான் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் அந்தப் பலகையை விட்டு அகலவில்லை. யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அண்ணன் ஜெயிச்சுட்டாரு."

"என்ன சித்தப்பா?"

"நாங்க சின்னப் பசங்களா இருந்ததுல இருந்து ஆடுறோம். ஒரு தடவைகூட அவரு என்னை ஜெயிச்சதில்ல. எனக்கு இருக்கிறதே இது ஒண்ணுதானேம்மா. அன்னைக்கு ராணியைத் தூக்கிச் சும்மா கொடுத்தாரு. கெழவனுக்குக் கண்ணு தெரியலன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்தேன். அப்புறம் பார்த்தா, என் ராஜாவுக்குப் போக ஒரு கட்டம் இல்ல." அவர் குரல் தழைந்தது. "அதே குதிரை, அதே மந்திரிதாம்மா. நான் ஒரு தாவலைப் பார்த்தேன். அவரு அதுக்கு அடுத்த தாவலை, அதுக்கும் அடுத்ததை, கோடு போட்ட மாதிரி பார்த்திருக்காரு. இந்த மிருகங்களை வச்சு ஆடி ஆடி அந்தக் கண்ணு வந்திருக்கு. என் ஆயுசுல அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்ல. நான் ஆடினதும் இல்ல."

"பாராட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் ஃப்ளாஷ்.

"வரல. வாய் வரல. எந்திரிச்சுப் போனேன். 'இன்னொரு ஆட்டம் போடலாம்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே பின்னாலயே வந்து படியில தோளைப் புடிச்சாரு. உதறினேன். கூப்பிட்டுப் பார்த்தேன், அசையல. செத்துட்டாருன்னு நெனச்சேன்."

"அதுக்கப்புறம் திரும்ப மேல ஏறினீங்க" என்றார் சர்வேயரம்மா.

கோச் தலையாட்டினார்.

"எங்கப்பாவைத் தாண்டிப் போயா?" மகளின் குரல் கிறீச்சிட்டது. "அவரைத் தாண்டி ஏறிப் போயி, என் புருஷன் மேல பழி வர்ற மாதிரி ஒட்டகம் அடுக்கிட்டு, மறுபடி அவரைத் தாண்டி இறங்கிப் போனீங்களா? தாழ் வேற போட்டுட்டு?"

"நாய் உள்ள வந்துடும்னு போட்டேன்மா" என்றார் கோச். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் முதுகு வளைந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அறையில் இருந்த யாருக்கும் அவரைத் தொடவும் மனம் வரவில்லை, திட்டவும் மனம் வரவில்லை. கடைசியில் அவரே எழுந்தார். ஸ்டேஷனுக்குப் போய்த் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் அண்ணனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார்.

"போய்ப் பாருங்க" என்றாள் மகள். "இப்ப எங்ககிட்டச் சொன்னீங்களே, அந்த ஆட்டத்தை அப்படியே அவருகிட்டச் சொல்லுங்க. அவருக்குக் காது கேக்குது. அதுக்கப்புறம் என் மொகத்துல முழிக்காதீங்க."

ஃப்ளாஷ் கோச்சின் கையைப் பிடித்துப் படியிறங்கக் கூட்டிப்போனார். சர்வேயரம்மாவும் பின்னாலேயே கிளம்பினார். கதவருகே அவர் ஒருமுறை திரும்பி அந்தக் கண்ணில்லாத குதிரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

கணவனும் மனைவியும் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

"நான் தள்ளிவிட்டுட்டு ஓடியிருப்பேன்னு நெஜமாவே நெனச்சியா?" என்று கேட்டார் அவர்.

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா, நெனச்சேன்" என்றாள். "தப்புதான். பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடுங்க. வீட்டுக்கு வாங்க."

அவர் கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எனக்குக் கோவமா இருக்கு" என்றார்.

"தெரியுது."

"தத்துக்கிளிக்கே ஒரு வாரம் ஆச்சு. இது தீர எவ்வளவு நாளாகும்னு எனக்கே தெரியல."

"எவ்வளவு நாளானாலும் சரி" என்றாள் அவள். "வீட்டுல இருந்து கோவிச்சுக்கோங்க."

அவர் விளக்கை அணைத்துவிட்டு, அவள் இறங்கட்டும் என்று படியருகே ஒதுங்கி நின்றார். பிறகு அவள் பின்னாலேயே இறங்கினார்.